ஷெகினா தாய்த் தெய்வமா? கடவுளை 'அம்மா' என்று கூப்பிடலாமா?

கேள்வி: நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள். வயது 41, பள்ளி ஆசிரியை. போன வருடம் என் அம்மா இறந்துபோனார்கள். கடைசி ஐந்து வாரமும் ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் அவர்கள் தலைமாட்டில்தான் இருந்தேன். அந்த அறையில் எங்களோடு இன்னொருவரும் இருப்பது போலவே இருக்கும். அதற்கப்புறம் ஜெபம் பண்ணும்போது என்னை அறியாமல் கடவுளை 'அம்மா' என்று கூப்பிட்டுவிடுகிறேன். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஒருநாள் வாய் தவறி அப்படி வந்துவிட்டது. மூத்த அக்கா ஒருவர், இது விக்கிரக ஆராதனைக்குச் சமம் என்று கண்டித்தார்கள். மனசு கேட்காமல் யூடியூபில் தேடினேன். யூதர்களின் மறைஞானத்தில் ஷெகினா என்றொரு தாய்த் தெய்வம் உண்டு, பைபிளில் வரும் 'ஞானம்' உண்மையில் ஒரு தேவி, ஷெகினாவும் சக்தியும் ஒரே சொல், இதையெல்லாம் மறைத்துவிட்டார்கள் என்று ஒருவர் பேசுகிறார். 'ஷெகினா சக்தி தீட்சை' என்று ஆறாயிரம் ரூபாய்க்கு ஆன்லைன் வகுப்பும் நடத்துகிறார். இதில் எது உண்மை? நான் கூப்பிடுவது தவறா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் பண விஷயத்தை முடித்துவிடுகிறேன். கட்டாதீர்கள். யூத மரபில் ஷெகினாவுக்குத் தீட்சை என்று ஒன்று கிடையாது. தனிக் கோயில், தனி உருவம், தனி மந்திரம் எதுவும் கிடையாது. இல்லாத ஒன்றுக்கு ஆறாயிரம் கேட்கிறார்கள்.

ஆனால் அந்த வீடியோ முழுக்கப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. நாலைந்து உண்மைகளை எடுத்து, இடையில் இருக்கும் ஆயிரக்கணக்கான வருடங்களைத் தூக்கிவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறார்கள். எபிரேயம் சொல்லிக்கொடுப்பதே என் வேலை என்பதால், ஒட்டிய இடங்களைப் பிரித்துக் காட்டுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஷெகினா என்ற சொல்லில் தொடங்குவோம். 'ஷெகினா மகிமை' என்று நம் சபைகளில் பாடுகிறோம், வீட்டுக்கும் ஜெபக்கூட்டத்துக்கும் அந்தப் பெயரை வைக்கிறோம். ஆனால் எபிரேய வேதாகமத்தில் எந்த இடத்திலும் அந்தச் சொல் இல்லை. அதன் வேர் மட்டும் இருக்கிறது: ஷ-க-ன், அதாவது குடியிருத்தல், தங்குதல். மோசே வனாந்தரத்தில் அமைத்த ஆசரிப்புக் கூடாரத்துக்கு எபிரேயத்தில் 'மிஷ்கான்', தங்குமிடம். அந்த வேரிலிருந்து 'ஷெகினா' என்ற பெயர்ச்சொல்லை உண்டாக்கியவர்கள் பிற்கால ரபீக்கள், அதாவது யூத வேத போதகர்கள். கி.பி. 70-இல் எருசலேம் தேவாலயம் எரிந்து தரைமட்டமானதற்குப் பின் எழுந்த நூல்களில்தான் அது பெருகுகிறது. கோயில் போய்விட்டது, அதில் குடியிருந்தவர் எங்கே போனார் என்ற கேள்வி அவர்களை வாட்டியது. ரபி ஷிமோன் பார் யோஹாய் சொன்ன பதிலை, ரபீக்களின் போதனைத் தொகுப்பான தல்மூத் பதிவு செய்திருக்கிறது: இஸ்ரவேலர் எகிப்துக்குப் போனபோது ஷெகினா அவர்களோடு போனது, பாபிலோனுக்குப் போனபோதும் கூடவே போனது, மீட்கப்படும்போது அவர்களோடு திரும்பும்.

இதில் ஷெகினா யார்? கடவுள்தான். அவர் பக்கத்தில் இருப்பதற்குப் பெயர் அது. எபிரேய இலக்கணப்படி பெண்பால் சொல், அவ்வளவுதான். தல்மூதில் அவள் ஒரு பெண்ணாக நடப்பதோ பேசுவதோ இல்லை.

இனி 'ஞானம்'. இங்கே நம் தமிழ் வேதாகமம் ஒரு விஷயத்தை நம் கண்ணில் காட்டாமல் விட்டுவிட்டது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தமிழ் இலக்கணத்துக்கு வேறு வழியில்லை. நீதிமொழிகள் 8-ஆம் அதிகாரத்தை எடுங்கள். 'ஞானம் கூப்பிடுகிறதில்லையோ?' என்று ஆரம்பிக்கும். எபிரேயத்தில் 'ஹலோ ஹொக்மா திக்ரா'. 'ஹொக்மா' என்றால் ஞானம். கடைசிச் சொல்லைப் பாருங்கள். ஆண் கூப்பிட்டால் 'யிக்ரா', பெண் கூப்பிட்டால் 'திக்ரா'. அந்த ஒரு 'தி'யில் அவள் பெண் என்று காதில் விழுந்துவிடும். தமிழில் ஞானம் அஃறிணை, அதனால் 'கூப்பிடுகிறது' என்று ஆகிவிட்டது. அவள் தெருமுனையில் நிற்கிறாள், பட்டணத்து வாசலில் நின்று ஆட்களைக் கூவி அழைக்கிறாள். அடுத்த அதிகாரத்தில் வீடு கட்டி, ஏழு தூண் நிறுத்தி, விருந்து சமைத்து, வேலைக்காரிகளை அனுப்பி ஆள் கூப்பிடுகிறாள். தமிழில் வாசிக்கும் நமக்கு அந்த வீட்டுக்காரி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏழாம் அதிகாரத்தில் மட்டும் ஞானத்தைப் பார்த்து 'நீ என் சகோதரி' என்று சொல்லச் சொல்லும் வசனத்தில் லேசாக எட்டிப் பார்க்கிறாள்.

8:30-இல் அவள் தன்னைப்பற்றிச் சொல்வது இன்னும் அழகு. உலகம் உண்டாகும்போது 'நான் அவர் அருகே செல்லப்பிள்ளையாயிருந்தேன்' என்று நம் மொழிபெயர்ப்பு. மூலத்தில் உள்ள 'ஆமோன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் சொல்கிறார்கள். ஒன்று வளர்ப்புப் பிள்ளை, இன்னொன்று கைவினைஞர். அவள் படைப்பின்போது பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையா, கூட நின்று வேலை செய்தவளா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இத்தனை வருடம் பாடம் நடத்தியும் எனக்கும் ஒரு பக்கமாகச் சாய முடியவில்லை.

அப்படியானால் அவள் தேவியா? இலக்கணப் பாலை வைத்து அந்த முடிவுக்கு வரக்கூடாது. எபிரேயத்தில் எல்லாப் பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால்தான். மேசை ஆண், நகரம் பெண். ஆனால் இந்த அதிகாரத்தை எழுதியவர் இலக்கணத்தைத் தாண்டி அவளுக்கு ஒரு குரலும் வீடும் வயதும் கொடுத்திருக்கிறார் என்பதும் உண்மை. கி.மு. 180 அளவில் எருசலேமில் எழுதிய பென் சீரா அதை இன்னும் வளர்த்தார். ஞானம் வானத்திலும் பூமியிலும் தங்க இடம் தேடி அலைகிறாள், யாக்கோபின் நடுவே கூடாரம் போடும்படி கடவுள் அவளுக்குச் சொல்கிறார், பின் அவள்தான் தோரா, அதாவது திருச்சட்டம் என்று முடிக்கிறார். இந்த நூல் நம் பைபிளில் கிடையாது. பக்கத்து வீட்டில் கத்தோலிக்கர் இருந்தால் அவர்கள் பைபிளை வாங்கி, 'சீராக்கின் ஞானம்' 24-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். வீடியோக்காரர் சொல்வதைவிட அதிலே விஷயம் அதிகம்.

சரி, பழைய இஸ்ரவேலில் உண்மையாகவே பெண் தெய்வ வழிபாடு இருந்ததா? இருந்தது. அதை யாரும் மறைக்கவில்லை, வேதாகமமே திட்டித் திட்டிப் பதிவு செய்திருக்கிறது. எரேமியா 7-ஐப் பாருங்கள்: பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், அப்பாமார் நெருப்பு மூட்டுகிறார்கள், பெண்கள் மாப்பிசைகிறார்கள், எதற்கு? வானராக்கினிக்குப் பணியாரம் சுட. பணியாரம் என்ற சொல்லையே நம் மொழிபெயர்ப்பாளர்கள் போட்டிருக்கிறார்கள். ஒரு குடும்பமே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பது தெரிகிறது அல்லவா? 44-ஆம் அதிகாரத்தில் எகிப்துக்கு ஓடிப்போன மக்கள் எரேமியாவை நேருக்கு நேர் மடக்குகிறார்கள்: வானராக்கினிக்குத் தூபம் காட்டியபோது எங்களுக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, நிறுத்தினோம், எல்லாம் போச்சு. தீர்க்கதரிசியின் புத்தகம் எதிராளியின் வாதத்தை இவ்வளவு நேர்மையாகக் கொடுத்திருப்பதை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

அப்புறம் அஷேரா என்ற பெண் தெய்வம். இந்தப் பெயரை நம் பழைய தமிழ் வேதாகமத்தில் தேடினால் கிடைக்காது, 'தோப்பு' என்று தேடினால் கிடைக்கும். வேதாகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அஷேராவைத் தோப்பு என்று ஆக்கினார்கள். அது வழிவழியாக வந்து நம்மிடம் 'தோப்பு விக்கிரகம்' ஆயிற்று. 2 இராஜாக்கள் 23-இல் யோசியா ராஜா அதை எருசலேம் தேவாலயத்துக்குள்ளிருந்தே எடுத்துப்போய் எரிக்கிறார். அங்கே அதற்குத் துணி நெய்துகொண்டிருந்த பெண்களைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. 1975-76-இல் சீனாய்ப் பாலைவனத்தின் கிழக்கே குந்திலெத் அஜ்ருத் என்ற இடத்தைத் தோண்டியபோது, கி.மு. 800 ஒட்டிய பெரிய மண்சாடி ஒன்றில், சமாரியாவின் யாவேயின் (நாம் கர்த்தர் என்கிறோமே, அவருடைய எபிரேயப் பெயர்) பேராலும் 'அவருடைய அஷேரா'வின் பேராலும் வாழ்த்துகிறேன் என்று மையால் எழுதியிருந்தது. யாவேக்கு மனைவி இருந்தாள் என்று சிலர் அதை வைத்துச் சொல்கிறார்கள். ஆனால் எபிரேயத்தில் ஒருவரின் பெயரோடு 'அவருடைய' என்ற விகுதியைச் சேர்ப்பது வழக்கமில்லை. அதனால் அது தேவியின் பெயரல்ல, அவள் சின்னமான மரத்தூண் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. அந்தத் தூண் முதலில் யாருடைய சின்னம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

வீடியோவில் ஒட்டு விட்டுப்போகும் இடம் இதுதான். அஷேராவும் வானராக்கினியும் கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர்கள். ஷெகினா ஒரு பெண்ணாக உருவெடுப்பது கி.பி. 12-ஆம் நூற்றாண்டுக் கடைசியில். நடுவே 1,500 வருடத்துக்கு மேல் இடைவெளி. அதன் வழியாக ஓர் இரகசியத் தேவி கைமாறி வந்தாள் என்பதற்குச் சான்றில்லை.

12-ஆம் நூற்றாண்டில் என்ன நடந்தது? தென் பிரான்சில் 'பாஹிர்' என்ற சிறு மறைஞான நூல் வெளிப்பட்டது. யூத மறைஞானத்துக்குக் கபாலா என்று பெயர். அதில் ராஜாவும் அவர் மகளும் வரும் உவமைக் கதைகள் ஏராளம். அந்த மகள் ஷெகினா. நூறு வருடம் கழித்து ஸ்பெயினில், கஸ்தீலியாவில், 'ஸோஹர்' என்ற கபாலாப் பெருநூல் பிறந்தது. அரமேய மொழியில், பழைய ரபி ஷிமோன் பார் யோஹாயின் வாயில் வைத்து எழுதப்பட்டது. 1305-இல் இறந்த மோசே தெ லெயோன் என்பவருக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பது இன்று அறிஞர்களிடையே பரவலான கருத்து. அதே காலத்தில் ஐரோப்பாவில் மரியாள் பக்தி பொங்கி எழுந்திருந்தது, அக்கம்பக்கத்து யூதர்களை அது தொட்டிருக்கும் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நடந்திருக்கக்கூடியதுதான்.

ஸோஹரைப் படிக்கிறவர்களுக்குக் கடவுள் அறியவே முடியாதவர். அவரிடமிருந்து பத்து 'செஃபிரோத்', பத்துப் பேரொளி நிலைகள் வெளிப்படுகின்றன. இரண்டாவது ஹொக்மா, மூன்றாவது பினா, பத்தாவது மல்குத். மல்குத் என்றால் ராஜ்யம். அவள்தான் ஷெகினா. இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது, உங்கள் வீடியோக்காரர் கவனிக்காதது. நீதிமொழிகளில் பெண்ணாக இருந்த ஹொக்மா இங்கே ஆணாகிவிட்டது, அதற்குப் பெயரே 'அப்பா'! பினா, அதாவது புத்தி, 'இம்மா'. ஆமாம், அவர்கள் மொழியில் அம்மாவுக்கு இம்மா. எனவே கபாலாவின் ஹொக்மாவைக் காட்டி 'ஞான தேவி' என்றால் அது தலைகீழ். பழைய ஞானப் பெண்ணின் இடத்துக்கு வந்தவள் கடைசிப் படியில் இருக்கும் ஷெகினா. 'கீழ் ஞானம்' என்பதும் அவளுக்கு ஒரு பெயர்.

ஸோஹர் அவளுக்கு அடுக்கும் உருவகங்களை வாசித்தால் சொக்கிப்போவோம். நூலின் முதல் பக்கத்தில் அவள் முட்களின் நடுவே பூத்த பூ, பதின்மூன்று இதழ். நாம் உன்னதப்பாட்டில் 'லீலிபுஷ்பம்' என்று வாசிக்கிறோமே, அதே பூதான், அங்கே ரோஜாவாக வாசிக்கப்படுகிறது. அவள் சமுத்திரம், எல்லா ஆறும் அவளில் வந்து விழும். அவள் நிலா. சொந்த ஒளி கிடையாது, சூரியனிடம் வாங்கி நமக்குத் தருகிறாள். தேவாலயம் இடிந்த நாளிலிருந்து அவள் ராஜாவைப் பிரிந்து, தன் பிள்ளைகளோடு அந்நிய தேசத்தில் அலைகிறாள். மனிதர் செய்யும் ஒவ்வொரு நற்செயலும் அந்தப் பிரிவைக் கொஞ்சம் ஆற்றுகிறது. அதனால்தான் ஒரு கட்டளையை நிறைவேற்றுமுன் 'பரிசுத்தரும் அவருடைய ஷெகினாவும் ஒன்றாகும்பொருட்டு' என்று சொல்லும் பழக்கம் பிற்காலத்தில் பரவியது. நடு இரவில் எழுந்து அவளுக்காக அழும் வழக்கமும் உண்டு.

உங்கள் சங்கத்து அக்காவின் பயம் யூதர்களுக்கும் வந்தது. 14-ஆம் நூற்றாண்டில் ரபி ஐசக் பார் ஷேஷெத், தான் கேட்ட ஒரு கிண்டலை எழுதிவைத்திருக்கிறார்: கிறிஸ்தவர்கள் மூன்று என்கிறார்கள், கபாலாக்காரர்கள் பத்து என்கிறார்கள். கட்டளையை நிறைவேற்றுமுன் சொல்லும் அந்த வாசகத்தை 18-ஆம் நூற்றாண்டில் பிராகு நகரத்துப் பெரிய ரபி எகஸ்கேல் லாண்டாவ் கடுமையாக எதிர்த்தார். மறைஞானிகள் பழைய உவமை ஒன்றைப் பதிலாகக் காட்டினார்கள்: தணலில் பற்றிய சுவாலை. தணலை விட்டுச் சுவாலையைத் தனியாக எடுக்க முடியுமா? ஷெகினாவைத் தனித் தேவியாக எடுத்துக் கும்பிட்டால் அதுவே பெரிய பாவம் என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள்.

சக்தி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சக்தி என்ற வடசொல்லின் வேர் 'இயலுதல்', ஷெகினாவின் வேர் 'குடியிருத்தல்'. ஒலி ஒத்துப்போனால் உறவு என்றால் இம்மாவையும் அம்மாவையும் கூட ஒரே வீட்டுச் சொல் என்று சொல்லிவிடலாம். பொருளும் எதிர்த்திசையில் ஓடுகிறது. சௌந்தர்யலஹரியின் முதல் சுலோகம், சக்தி சேராவிட்டால் சிவனுக்கு அசையவும் முடியாது என்கிறது. ஸோஹரிலோ ஷெகினா 'தனக்கென்று ஒன்றும் இல்லாதவள்', மேலிருந்து வாங்குகிறவள். இரண்டும் ஆழமானவை. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே கெட்டுப்போகும்.

படிக்கப் போயிருந்த காலத்தில் எருசலேமில் ஒரு வெள்ளி மாலை சின்ன ஜெப ஆலயம் ஒன்றில் இருந்தேன். பெண்கள் பகுதி மரச்சட்டத் தடுப்புக்குப் பின்னால். 16-ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் ஊரில் ஷ்லோமோ அல்கபேட்ஸ் இயற்றிய 'லெகா தோதி' பாடிக்கொண்டிருந்தார்கள். ஓய்வுநாளை மணமகளாக வரவேற்கும் பாட்டு. சஃபேத்தில் அந்நாளில் வயலுக்கே போய் எதிர்கொண்டு அழைப்பார்களாம். கடைசிக் கண்ணி வந்ததும் எல்லாரும் சட்டென்று வாசலைப் பார்த்துத் திரும்பினார்கள். 'போஈ கல்லா, போஈ கல்லா', வா மணமகளே, வா. தலை தாழ்த்தினார்கள். கதவு திறந்திருந்தது, வெளியே வெறும் தெரு. பக்கத்தில் ஒரு பாட்டி. எனக்கு வரி தெரியவில்லை என்று பார்த்து, தன் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டே வந்தவர், அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு அவரும் வாசலைப் பார்த்து நின்றார்.

அந்தப் பாட்டியைச் சொல்லக் காரணம் உண்டு. ஷெகினாவைப் பெண்ணாகப் பாடியவர்கள், எழுதியவர்கள் அநேகமாக எல்லாரும் ஆண்கள். அவளை உயர்த்தியதால் அவர்கள் வீட்டுப் பெண்கள் உயர்ந்துவிடவில்லை. 'பெண்மையைப் போற்றிய மதம்' என்று வீடியோ சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனாலும் 18-ஆம் நூற்றாண்டில் போலந்தில் லேயா ஹோரோவிட்ஸ் என்ற பெண், எபிரேயம், அரமேயம், அங்கத்து யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷ் மூன்றும் கலந்து பெண்களுக்காக ஒரு ஜெபம் எழுதினார். பெண்கள் ஜெப ஆலயத்துக்கு வந்து, சொந்தக் கவலைகளோடு நின்றுவிடாமல் ஷெகினாவின் பிரிவுக்காக அழ வேண்டும், அந்தக் கண்ணீருக்கு மீட்பைக் கொண்டுவரும் வலு உண்டு என்றார். எனக்கு மிகப் பிடித்த ஆட்களில் அவர் ஒருவர்.

இப்போது உங்கள் கேள்வி. கடவுளை 'அம்மா' என்று கூப்பிடுவதற்கு நீங்கள் கபாலா வரை போகவே வேண்டாம். 'ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்' என்று ஏசாயா 66:13-இல் அவரே சொல்கிறார். இரக்கத்துக்கு எபிரேயச் சொல் 'ரஹமீம்'. கர்ப்பப்பைக்கு 'ரெஹெம்'. இரண்டும் ஒரே வேர். தாயை இழந்த பெண்ணின் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதில் விக்கிரகம் எங்கே இருக்கிறது? நீங்கள் வேறொருவரைக் கூப்பிடவில்லை, அதே ஒருவரை அழுதுகொண்டு கூப்பிடுகிறீர்கள். சங்கக் கூட்டத்தில் பொதுவாக ஜெபிக்கும்போது மற்றவர்கள் இடறாதபடி வழக்கமான வார்த்தைகளைச் சொல்லுங்கள். வீட்டில், தனியாக, வருகிறபடி கூப்பிடுங்கள். அந்த அக்காமீது வருத்தம் வேண்டாம். அவர்கள் காப்பாற்ற நினைப்பதும் ஒரு நல்ல விஷயத்தைத்தான்.

ஆஸ்பத்திரி அறையைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள், அங்கே இன்னொருவரும் இருப்பது போலிருந்தது என்று. தல்மூதில் ஒரு விதி இருக்கிறது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கட்டிலில் உட்காரக் கூடாது, நாற்காலியிலும் உட்காரக் கூடாது, சால்வையைப் போர்த்திக்கொண்டு மரியாதையோடு அவர் எதிரில் கீழே அமர வேண்டும். ஏனென்றால் நோயாளியின் தலைமாட்டில் ஷெகினா இருக்கிறது. 'படுக்கையின்மேல் வியாதியாய்க் கிடக்கிற அவனைக் கர்த்தர் தாங்குவார்' என்ற 41-ஆம் சங்கீத வசனத்தை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள்.

நீங்கள் ஐந்து வாரம் உட்கார்ந்திருந்த இடம் அதுதான், தங்கை.